மாமியார் வண்டியின் கரி

மாமியார் வீட்டோடு வந்து தங்கி இரண்டு மாதமாகிறது. இந்த இரண்டு மாதமாக மாப்பிள்ளை வாயை முழுதாகத் திறந்ததே கிடையாது. பேசுவார், சிரிப்பார், கொட்டாவிகூட விடுவார். எல்லாம் உதட்டளவோடு சரி. காரணம், வலது பக்கம் மேல் வரிசையில் கடைசிக்கு முந்தின பல். அதில் ஒரு குழி. மாமியாரோ பல் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் ஊரார் பல்லையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்து ஓய்வு பெற்றவர்.

பல் வலித்தால் மாமியாரிடம் காட்டுவதுதானே என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு என்ன, பல்லா வலிக்கிறது? பல் ஆஸ்பத்திரி நாற்காலி என்றாலே மாப்பிள்ளைக்குக் குலை நடுங்கும். கல்லூரி முடிக்கிற வயதில் ஒரு தடவை அதிலிருந்து இறங்கி, கழுத்தில் கட்டிய துணியோடு ஓடிப்போய் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தவர். இது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. மாமியாருக்குத் தெரிந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே படுக்க வைத்துக் குடைந்துவிடுவார் என்று திடமாக நம்பினார். ஆகையால் இடது பக்கமாகவே மென்று, தண்ணீரையும் தலையைச் சாய்த்து இடது பக்கமாகவே குடித்து, நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி இவற்றோடு வருகிற செய்முறைக் கையேடுகளில் பிழை திருத்துவார். மனைவி எட்டு மணிக்கே ஆபீஸ் போய்விடுவாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வீட்டில் இவரும் மாமியாரும்தான். மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பாடு. மாமியார் அதிகம் பேசுகிற ரகமில்லை, பார்க்கிற ரகம். அந்த அரை மணி நேரத்தில் மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும்.

இப்படியிருக்கும்போதுதான் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பல் கிளினிக்கிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமையே வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அந்தப் பக்கம் பஸ் கிடையாது, ஆனால் மாமியாரிடம்தான் சொந்தக் கார் இருக்கிறதே. மாப்பிள்ளை அன்றைக்கு மனம் குளிர்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் கார் மண்ணைப் போட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும், மேடு ஏறச் சொன்னால் முக்கும். மெக்கானிக் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் படமெடுத்துக் காட்டினார். காற்று உள்ளே போகிற வால்வுகளில் கரி அப்பிக் கிடந்தது. இந்த ரக இன்ஜினில் பெட்ரோல் அந்த வழியாக வராமல் நேராக உள்ளே போய்விடுவதால், வால்வைக் கழுவிவிட ஆளில்லையாம். கழற்றிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதற்குப் பத்து நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்.

மாமியார் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அப்ப வேலை வேணாம், விடு. வீட்டிலயே இருக்கேன். மாப்பிள்ளைக்கும் பேச்சுத் துணையா இருக்கும்" என்று மகளிடம் சொன்னார்.

மாப்பிள்ளையின் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "நானே சுத்தம் பண்றேன் அத்தை."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பல்பு மாட்டவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனுஷன் இது என்பது அவளுக்குத் தெரியாதா? தலையில் அடித்துக்கொண்டு, வேலைக்குப் போகப் புதுச் செருப்பு வாங்க வேண்டுமென்று சனிக்கிழமை காலையிலேயே அம்மாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளை கார் ஷெட்டுக்குள் இறங்கினார். ஒன்று சொல்ல வேண்டும், கையேடு படிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. பேட்டரி வயரை முதலில் கழற்றினார். ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். போல்ட்டுகளை வரிசைப்படி அட்டையில் குத்தி நம்பர் போட்டார். காற்றுக் குழாய்த் தொகுதி கையோடு வந்ததும் இன்ஜினின் பக்கவாட்டில் நாலு ஓட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வால்வுகள். வால்வா அது? அடிப்பிடித்த பால் பாத்திரம்தான்.

முதல் ஓட்டையில் எல்லாம் முறைப்படி நடந்தது. இன்ஜினைக் கையால் ஸ்பேனர் போட்டுத் திருப்பி, வால்வு மூடிக்கொண்டதா என்று பார்த்தார். திறந்திருந்தால் விழுகிறதெல்லாம் இன்ஜின் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு கரியைக் கரைக்கிற மருந்தை ஊற்றி ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தார். மேலாகக் கொஞ்சம் கூழாக வந்ததே தவிர, அடிக்கரி அசையவில்லை. இரண்டாவதிலும் அதே கதை. மணி மூன்றாகிவிட்டது. இடுப்பு விட்டுப்போயிற்று. பல் வேறு விண் விண் என்று தெறித்தது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. மாமியார் அலமாரியில் ஒரு தோல் பெட்டி இருக்கிறது. முப்பத்தொரு வருஷக் கருவிகள். அதில் நுனி வளைந்த எஃகுக் கொக்கி ஒன்று உண்டு. பல்லில் பிடித்த காரையையே பெயர்க்கிறது, இந்தக் கரி எம்மாத்திரம்? மாப்பிள்ளை கள்ளப் பூனையாக நடந்து போய் அதை எடுத்து வந்தார்.

எடுத்து வந்த படபடப்பில் மூன்றாவது ஓட்டைக்கு வால்வை மூட மறந்துபோனார். மருந்தை ஊற்றினார், கொக்கியை விட்டார், நெம்பினார். பல்லை யாராவது கடப்பாரை மாதிரி நெம்புவார்களா? டிக் என்று ஒரு சத்தம். கையில் கைப்பிடி மட்டும் இருந்தது.

டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று ஒன்றும் தெரியவில்லை. வால்வு மூடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நுனி உள்ளே விழுந்திருந்தால் இன்ஜினையே பிளக்க வேண்டும். அப்புறம் திங்கட்கிழமையாவது, வேலையாவது. மாமியார் ஆயுசுக்கும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

செருப்பு ஏழாவது கடையில்தான் கிடைத்ததாம். நாலு மணிக்குப் புதுச் செருப்போடு ஷெட் வாசலில் மாமியார் நின்றார்.

மாப்பிள்ளை கைப்பிடியை நீட்டினார். மாமியார் அதை வாங்கி, திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

"எத்தனாவது பல்லு?"

"மூணாவது ஓட்டை அத்தை."

"கையைக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வருவதற்குள் மாமியார் ஏப்ரன் கட்டி, மூக்குக் கண்ணாடி மாட்டி, தோல் பெட்டியிலிருந்த கருவிகளை மட்கார்டின் மேல் துணி விரித்துப் பரப்பியிருந்தார். குட்டிக் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டார். மாப்பிள்ளையை டார்ச் பிடிக்கச் சொன்னார். ஆடாமல் பிடியுங்கள், வலி உங்களுக்கில்லை என்றார் மாமியார். மாப்பிள்ளை மூச்சையும் நிறுத்திவிட்டார்.

"ஆபத்தில்ல" என்றார் மாமியார், குட்டிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. "கரி மருந்துல ஊறிப் பசையாயிருக்கு. அதுலதான் ஒட்டிக்கிட்டு நிக்குது. நீங்க நல்லாத் தேச்சிருந்தா உள்ள போயிருக்கும்."

நீள இடுக்கியால் நுனியை எடுத்துத் துணியில் வைத்தார். மாப்பிள்ளைக்கு அந்த இடத்திலேயே மாமியார் காலில் விழலாம் போலிருந்தது. வேலை சரியாகச் செய்யாததால் பிழைத்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

மாமியார் அதோடு நிறுத்தவில்லை. மாப்பிள்ளையை இன்ஜினைத் திருப்பி வால்வை மூடச் சொல்லிவிட்டு, வேறொரு கொக்கியை எடுத்து அடியிலிருந்து மேலாக இழுத்தார். கரி வில்லை வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அழுக்கு மருந்தை ஊசிக்குழாயால் உறிஞ்சினார், பஞ்சை வைத்து ஒற்றினார். மூன்றாவதை முடித்து நாலாவதற்குப் போனார், பிறகு மாப்பிள்ளை தேய்த்த முதல் இரண்டையும் பார்த்து, இது தேய்த்ததா தடவிக் கொடுத்ததா என்று கேட்டு, அவற்றையும் சுரண்டினார். கருவி கையில் இருந்தால் மாமியாருக்குப் பேச்சு வரும் என்பது மாப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்க்குள் கை இருக்கும்போதே மாமியாரிடம் பெண் கேட்க ஆரம்பித்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளை தன்னை மறந்து, வாய் விட்டு, அண்ணம் தெரிய, விழுந்து விழுந்து சிரித்தார். கையிலிருந்த டார்ச் வெளிச்சம் அவர் முகத்திலேயே விழுந்தது. மாமியார் ஒரு நொடி பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மாட்டும்போது செல்போன் மாமியார் கையில் இருந்தது. ஒவ்வொரு படமாகப் பார்த்து, எந்த வயர் எங்கே என்று அவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை மாட்டினார். ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினார்கள். கொஞ்சம் புகை கக்கிவிட்டு வண்டி அமைதியாக ஓடியது. உதறல் போன இடம் தெரியவில்லை. மனைவி வாசலுக்கு ஓடி வந்து, இது நம்ம வண்டிதானா என்று கேட்டாள். மாமியார் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. திங்கள் முதல் வீடு அவருடையது. வலது பக்கமோ இடது பக்கமோ, இஷ்டம்போல மெல்லலாம்.

மாமியார் காரிலிருந்து இறங்கி ஏப்ரனை அவிழ்த்தார்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பணும் மாப்பிள்ளை. நீங்களும் ரெடியா இருங்க."

"நான் எதுக்கு அத்தை?"

"வலது பக்கம், மேல, கடைசிக்கு முந்தினது. நான் வந்த ரெண்டாவது நாளே தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா இன்ஜினைக் கழட்டுறீங்க."

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். இனி மூடி என்ன பிரயோஜனம்? தன் கையாலேயே தனக்கு வண்டி கட்டியாகிவிட்டது. இறங்கி ஓடலாம் என்றாலும் அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஒரு நாள் இருக்கிறதே என்று அவர் கண் மெல்ல பானெட் பக்கம் போயிற்று.

மாமியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். "வயரைக் கழட்டலாம்னு பார்க்காதீங்க" என்றார் திரும்பாமலே. "எனக்கு இப்ப மாட்டத் தெரியும்."