மெகல்லன் கரை திரும்பினானா?

அங்கம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும். குருசுக்குப்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். "எந்த மீன் வாங்கலாம்கா?" என்று கூடைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களிடம், "வீட்டுல எத்தினி பேரு? முள்ளு பாக்கத் தெரியாத பசங்க இருக்கா?" என்று ஆரம்பித்துவிடுவாள். மீன் வாங்க வந்தவர் தன் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மகள் தேவிப்பிரியா அரசாங்க வேலைத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியதும் இந்தப் பழக்கம் உலக சரித்திரத்தின் மேலும் பாய்ந்தது. சாயங்காலம் அங்கம்மாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் புருஷன் உத்திராபதி வலையைப் பிரித்துப்போட்டு அறுந்த கண்ணிகளைப் பின்னுவான். தேவிப்பிரியா போனைப் பார்த்துக் கேள்விகளை உரக்கப் படிப்பாள்.

"டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யார்? கிரகாம் பெல்."

அவள் அடுத்ததுக்குப் போவதற்குள் அங்கம்மாள் மறித்துவிடுவாள். "இருடி. அப்பதான் கண்டுபுடிச்சிருக்கான், வேற யாருகிட்டயும் போனு கெடையாது. அவன் யாருகூடப் பேசினான்?"

தேவிப்பிரியா தேடிப் பார்த்தாள். "பக்கத்து ரூம்ல இருந்த அசிஸ்டென்ட்டுகிட்டம்மா."

"பக்கத்து ரூமா? ஒரு கொரல் குடுத்தா வரமாட்டானா?"

நிலாவில் முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்விக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆம்ஸ்ட்ராங் என்று ஒற்றை வார்த்தையில் முடிய வேண்டியது. எப்படித் திரும்பி வந்தார்கள் என்று அங்கம்மாள் குடைந்ததில், மூன்று பேர் போனதும், இரண்டு பேர் இறங்கியதும், மூன்றாமவர் இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்ததும் வெளியே வந்தது. அந்த மூன்றாமவரை அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.

"அவன்தான்டி ஆளு! போட்டைப் பாத்துக்கிட்டான் பாரு. அவன் இல்லன்னா மத்த ரெண்டு பேரும் வூடு வந்து சேந்திருப்பானுங்களா?"

கூடை தூக்கிப் போன தெருவிலெல்லாம் அவர் புகழ்தான் பாடினாள். காலின்ஸ் என்ற பெயர் மட்டும் அவள் வாயில் நிற்கவில்லை, தெருவுக்கு ஒரு பெயராக மாறிக்கொண்டே போயிற்று.

எவரெஸ்ட் ஏறியவர், துருவத்துக்குப் போனவர், வானத்தில் பறந்தவர் என்று யாரைப் பற்றிப் படித்தாலும் அங்கம்மாளின் கேள்வி ஒன்றுதான்: திரும்பி வந்தானா? அவள் அண்ணன் அம்மாவாசை ஒரு கார்த்திகை மாதம் கடலுக்குப் போனவன். படகு மட்டும் கவிழ்ந்து ஒதுங்கியது, அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. போனவர்கள் எல்லோரையும் பற்றி அவள் அதையே கேட்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இத்தனை வருஷம் அடுத்தவன் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்த உத்திராபதி, இந்த ஆண்டு சொந்தமாக ஒரு பைபர் படகு வாங்கினான். வாங்கியது முதல் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கரையில் யாருடைய படகிலும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று பிடிவாதம். அம்மன் பெயரில் நாலு படகு, மாதா பெயரில் இரண்டு, பிள்ளைகள் பெயரில் எத்தனையோ, நடிகர்கள் பெயரில் அதற்கும் மேலே. நல்ல பெயரையெல்லாம் நமக்கு முன்னாலேயே வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்று புலம்பினான்.

அங்கம்மாள் ஒரு வளைகாப்புக்காகப் பிள்ளைச்சாவடி போயிருந்த அன்று சாயங்காலம் தேவிப்பிரியா வழக்கம்போலப் படித்தாள்: "உலகைக் கடல் வழியாக முதன்முதலில் சுற்றி வந்தவர் யார்? மெகல்லன்."

உத்திராபதி வலையைக் கீழே போட்டான். "ஒலகத்தையேவா? சுத்தியா?"

குறுக்குக் கேள்வி கேட்கிறவள் அன்று வீட்டில் இல்லை. அவள் வருவதற்குள் கரை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டான். அவளிடமும், "ஒலகத்தைச் சுத்தி வந்த ஆளு பேரு வைக்கப் போறேன்" என்றான். சுற்றி வந்தவன் என்றால் வந்தவன்தானே என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

படகு இறக்குவதற்கு முதல் நாள். வீட்டுக்கு எதிரே மணலில் ஏற்றியிருந்த படகில் பெயர் எழுத ஓவியர் தேவதாஸ் வந்திருந்தார். கடைப் பலகையானாலும் கல்லறைச் சிலுவையானாலும் அந்தப் பகுதியில் அவர் கைதான். அங்கம்மாள் டீ கொண்டுவந்தபோது இடது பக்கம் முடிந்திருந்தது. வெள்ளையில் நீலமாக 'மெகல்லன்' என்று பளபளத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, உத்திராபதி அதன் முன்னாலேயே நின்றிருந்தான். வாசலில் தேவிப்பிரியா படித்துக்கொண்டிருந்தாள்.

"அழகா இருக்குண்ணே" என்றவள், மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டி, சுத்தி முடிச்சு இந்தாளு எப்போ வூட்டுக்கு வந்தான்?"

தேவிப்பிரியா போனைத் தட்டினாள். படிக்கப் படிக்க அவள் முகம் சுண்டியது.

"என்னாடி?"

"அஞ்சு கப்பல்ல ஸ்பெயின்லேந்து போனாங்கம்மா. இருநூறு பேருக்கு மேல. ஆனா... பிலிப்பைன்ஸ்ல ஒரு தீவுல சண்டை வந்து அங்கயே கொன்னுட்டாங்க."

"யாரை?"

"மெகல்லனைத்தான். அவரு சுத்தி முடிக்கவே இல்ல. ஒரே ஒரு கப்பல், பதினெட்டு பேரோட திரும்பி வந்துச்சாம். அதை ஓட்டிக்கிட்டு வந்தவரு வேற. எல்கானோன்னு பேரு."

அங்கம்மாள் டீத் தம்ளரைப் படகின் விளிம்பில் வைத்தாள்.

"இந்தா பாருய்யா, வராதவன் பேரை எழுதின போட்டுக்கு நான் ஆரத்தி எடுக்க மாட்டேன்."

அந்த வீட்டுப் பெண் ஆரத்தி எடுக்காமல் அங்கே படகு தண்ணீர் தொடாது. உத்திராபதிக்கு முகம் சிவந்தது. "நல்ல காரியத்துல ஏன் புள்ள இப்படிப் பேசுற? ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். எழுதியும் ஆச்சு."

"ஈரம் காயலண்ணே, தின்னர் போட்டா தொடச்சிரலாம்" என்றார் தேவதாஸ்.

"தொடைக்கிறதா? போட்டுல எழுதின பேரைத் தண்ணி தொடுறதுக்கு முன்னாடி அழிச்சா நான் அதுல ஏறுவனா?" என்று அவரிடம் பாய்ந்தான் உத்திராபதி. அதுவும் அந்தக் கரையின் வழக்கம்தான். அங்கம்மாளுக்கும் தெரியும். அழிக்கவும் கூடாது, அப்படியே விடவும் முடியாது.

தேவதாஸ் சமாதானமாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "டூமாஸ் வீதி, சஃப்ரன் வீதின்னு வெள்ளைக்காரங்க பேருல நம்ம ஊரு பூரா போர்டு இருக்கு. அவங்க ஊரு போய்ச் சேந்தாங்களான்னு யாரு கேட்டா?"

"தெரு கடலுக்குப் போவுதாண்ணே?"

அவர் தூரிகையைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"எங்கண்ணன் வருவான்னு நான் இந்தக் கரையில எத்தினி நாளு நின்னேன், ஒனக்குத் தெரியாதா?" என்றாள் புருஷனிடம். அம்மாவாசை அவனுக்கு மச்சான் மட்டுமல்ல, கூட்டாளியும்கூட. அவனும் அவளோடு அந்த மணலில் நின்றவன்தான்.

அங்கம்மாள் படகைச் சுற்றி வந்தாள். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. இங்கே நின்றாள், அங்கே நின்றாள், வடக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள்.

"நீ வலை போடப் போறது பிள்ளைச்சாவடிப் பக்கந்தானே?"

"அதுக்கென்னா?"

"வடக்கே போவும்போது கரையில நிக்கறவளுக்கு எந்தப் பக்கம் தெரியும்?"

"இடது பக்கம்."

"திரும்பி வரும்போது?"

உத்திராபதி வெறுமையாக இருந்த வலது பக்கத்தைப் பார்த்தான். பிறகு தேவதாஸைப் பார்த்தான். தேவதாஸ் தூரிகையை எடுத்துக்கொண்டு படகின் அந்தப் பக்கம் போனார்.

"தங்கச்சி, திரும்பி வந்தாரே, அந்தாளு பேரை நிதானமாச் சொல்லு" என்றார்.

எழுத்துகள் முடிகிற வரைக்கும் தேவிப்பிரியா பக்கத்திலேயே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "பரீட்சைல இந்தக் கேள்வி வந்தா நான் என்னம்மா பண்றது? அவங்க விடையில மெகல்லன்னுதான் இருக்கும்."

"அங்க அவங்க கேக்கறதுக்கு எழுது. இங்க நாம கேக்கறதுக்கு எழுதிட்டோம்ல?"

மறுநாள் விடிகாலையில் அங்கம்மாள் ஆரத்தி எடுத்தாள். பூசணிக்காய் உடைத்துப் படகைத் தள்ளினார்கள். அலை தாண்டி அது வடக்கே திரும்பியபோது நீலமாக 'மெகல்லன்' தெரிந்தது. ஊர்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் கைதட்டவில்லை.

மதியத்துக்குள் மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. புது இன்ஜின், பழக நேரமாகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அங்கம்மாள் கூடையை மணலில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இன்னொரு பெயரைச் சேர்த்து எழுதினால் கடல் கேட்குமா என்று ஒரு பயம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. சொந்த யோசனைதான், இருந்தாலும் இப்போது அதன் மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் வடக்கே ஒரு வெள்ளைப் படகு தென்பட்டது. வெள்ளைப் படகு எவ்வளவோ உண்டு. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முதலில் நீலமாக ஒரு கோடு. கொஞ்சம் கிட்டே வந்ததும் அது எழுத்தாயிற்று. 'எ'. பிறகு 'ல்'. மீதியைப் படிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது.

பக்கத்தில் தேவிப்பிரியா சிரித்துக்கொண்டே அழுதாள். "ம்மா, எல்கானோ ஊரு போய் எறங்கினப்போ அவங்க வூட்டுல மொதல்ல என்னா கேட்டிருப்பாங்க?"

அன்றைக்கு அங்கம்மாள் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை.

"சாப்ட்டியான்னுதான்டி கேட்டிருப்பாங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, அதையே கேட்பதற்காக முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகை நோக்கி நடந்தாள்.