சீலைச் சீட்டில் பத்து எழுத்து

ஓர் உயிர்த்தோழியின் விலை பத்து எழுத்து. தனலெட்சுமி அதைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். மலாயாவில், கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் நாகையாவின் மகள், பிறந்து பதின்மூன்று வருஷத்தில் பேரம் பேசாமல் வாங்கிய முதல் சாமான் அதுதான். வாங்கும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாகையாவின் கடையில் ஒவ்வொரு சீலையின் ஓரத்திலும் ஒரு சின்னச் சீட்டுத் தொங்கும். அதில் எண் இருக்காது. மூன்று எழுத்து இருக்கும். பத்து இலக்கத்துக்கும் பத்து எழுத்து வைத்துக்கொண்டு கொள்முதல் விலையை மறைத்து எழுதுவது துணிக்கடைக்காரர்களின் வழக்கம். வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது கோழி கிளறிய கிறுக்கல். விற்கிறவருக்கோ, இதற்குக் கீழே இறங்கினால் வயிற்றில் ஈரத்துணி என்று சொல்லும் எச்சரிக்கை. அந்தப் பத்து எழுத்தும் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். நாகையா, பதினொரு வருஷமாக அங்கே துணி விரித்து மடிக்கும் வாசு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப் பழகிய தனலெட்சுமி.

நாலாவதாக இராசேஸ்வரி சேர்ந்ததற்கு இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள்தான் காரணம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தனலெட்சுமியும் அவளும் தங்கிப் படித்த மிஷன் பள்ளி விடுதியில் பூஞ்சணம் பிடித்த ஓர் அலமாரி இருந்தது. அதிலிருந்த முப்பது புத்தகத்திலும் விடுதிப் பெண்கள். அவர்களுக்கு ஒரு ரகசியச் சங்கம். சங்கத்துக்கு ஒரு சங்கேதம். எவளும் எவளையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். மீறிக் கொடுத்தவளோடு கடைசி அத்தியாயம் வரை யாரும் பேச மாட்டார்கள். அதைப் படித்துப் படித்து, அடுத்தடுத்த கட்டிலில் படுத்த இவர்கள் இருவரும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இராசேஸ்வரி யாழ்ப்பாணத்துப் பெண். அப்பா கோலலிப்பிஸில் ரயில்வே கிளார்க். சங்கத்துக்கு இடம், நேரம், பெயர் எல்லாம் அவள் கொண்டுவந்தாள். சங்கேதம் மட்டும் இல்லை. கையில் இருந்ததைத் தனலெட்சுமி கொடுத்துவிட்டாள்.

அதன்பின் விடுதியில் எல்லாவற்றுக்கும் சீட்டுத் தொங்கியது. சங்கீத டீச்சரின் அடக்க விலை இரண்டு வெள்ளி, அதாவது இருநூறு காசு. செவ்வாய்க்கிழமைப் புளிக்குழம்பு மூன்று காசு, அதுவும் பாத்திரத்தோடு சேர்த்து. மேட்ரன் மார்க்கிரட் அம்மாவுக்கு விலையே போட முடியவில்லை. அவர் உறை ஒட்டாத கடிதத்தை வாங்கிப் படிப்பார். வீட்டிலிருந்து வரும் முறுக்கு டின்னைக் காதருகே வைத்துக் குலுக்குவார். இரண்டு பெண்கள் சேர்ந்து சிரித்தால், மூன்றாவது பெண்ணைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பார். ஆனால் மை ஒற்றும் தாளில் கிடந்த பத்து எழுத்தை அவராலும் படிக்க முடியவில்லை.

ரப்பர் விலை விழுந்து, வேலையிழந்தவர்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை, பெற்றோர் வந்து பார்க்கும் நாள். நாகையா சாமான் மூட்டையோடு வந்தார், முகம் விடிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி கடைக்கு வந்தாளாம். மூன்று சீலை எடுத்தாளாம். ஒவ்வொன்றுக்கும் அடக்கத்துக்கு மேல் ஐந்தே காசு வைத்துக் கேட்டாளாம், பிசகாமல்.

"எங் கொள்முத வெலய அவ வாயாலயே சொல்றாம்மா. அதுக்கப்புறம் நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பேரம் பேசுறது? நாலு வெள்ளி பத்துக் காசு போச்சி."

சீட்டையெல்லாம் மாற்றிவிடலாமே என்றாள் தனலெட்சுமி.

"தீவாளி நேரத்துல ஆயிரம் சீட்ட மாத்துறத விட ஒரு ஆள மாத்துறது சுலபம்லா. நானும் வாயத் தொறக்கல, நீயும் இங்க இருக்கிற. மிச்சம் யாரு?"

மிச்சம் வாசு. தனலெட்சுமி மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். பெண்ணை எதற்கு விடுதியில் போட்டுக் காசைக் கரைக்கிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது; மாமன் மகன் வேறு கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உண்மைதானா என்றே இன்னும் தெரியாதே. சாட்சி இல்லாமல் எந்த வியாபாரி வாய் திறப்பான்? ஒரு மாசம் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பார்க்கலாம் என்றார் அவர்.

அன்றிலிருந்து இராசேஸ்வரியின் ஒவ்வொரு அசைவுக்கும் அவள் கணக்குக் கேட்டாள். கிள்ளானில் இருந்த சின்னம்மா மாசத்தில் மூன்றாவது சனிக்கிழமை வந்து போகிறவர். போன முறை வந்தபோது கொடுத்த புது ரிப்பன் எதற்கு? தூங்குவதற்கு முன் சிரித்தாளே, அது எந்தச் சிரிப்பு? பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே சந்தேகப்படுவது எத்தனை வசதி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடையில் புது ஆளைச் சோதிக்க அப்பா தரையில் காசைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். இவளும் போட்டாள். அப்பா எழுத்தை மாற்றிவிட்டார், இனி எந்த எழுத்தானாலும் அதன் இலக்கத்தோடு இரண்டு கூட்டிப் படிக்க வேண்டும் என்று இராசேஸ்வரியின் காதில் சொன்னாள். பொய். நம்பி வருகிறவள் நாலு வெள்ளிச் சீலையை ஆறுக்கு மேலே கேட்பாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை நாகையா சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த அம்மா மறுபடியும் வந்தாளாம். நாலு சீலையை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள் போல் ஒரு விலை கேட்டாளாம். அவர் விற்க நினைத்திருந்ததை விட அதிகம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கட்டிக் கொடுத்துவிட்டாராம். வழக்கத்துக்கு மேலே நாலு வெள்ளி நாற்பது காசு.

தனலெட்சுமிக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. இப்போது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் முடித்தார்.

"இப்பப் புரியுதா? அவளுக்கு எழுத்தும் தெரியாது, கிழுத்தும் தெரியாது. அன்னிக்கு இந்த வாசுப்பயதான் பின்னால நின்னு சாட காட்டியிருக்கான். அவன் கணக்க முடிச்சி அனுப்பி ரெண்டு வாரமாச்சி. ஆளு இல்ல, அவ தடுமாறிட்டா."

வாசு இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறானாம். அங்கும் தினம் வேலை இல்லையாம். ஊருக்குப் போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்களாம். அவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. சந்தேகம் மட்டும் எள்ளளவும் இல்லை.

காலி முறுக்கு டின்னை எடுத்துவரச் சொல்லிவிட்டு நாகையா வாசலுக்கு நடந்தார். மாடியில் இராசேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மாகிட்ட எழுத்தச் சொன்னியா?"

ஊசி நிற்கவில்லை. "சொன்னனான்."

"அது சங்கத்து ரகசியம்."

"நீ எனக்குத் தந்தனி. தந்தா அது என்ரதுதானே? சின்னம்மாதான் எனக்குப் பள்ளிக்கூடக் காசு கட்டுறா. அவவுக்குக் குடுக்க என்னட்ட வேற என்ன கிடக்கு?"

அலமாரியில் இருந்த முப்பது புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. அங்கே எவளுக்கும் சின்னம்மா காசு கட்டவில்லை. இராசேஸ்வரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டாந்தரம் தந்தது பொய்யோ?"

தனலெட்சுமி டின்னை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

நாகையா ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்திருந்தார். டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்ததில் போனதைக் கழித்தால் முப்பது காசு நிற்கிறது, அது உன் கைச்செலவுக்கு என்று மூன்று பத்துக் காசை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். மேல்ஜன்னலில் மேட்ரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரிக்‌ஷாக்காரன் தண்டைத் தூக்கினான். சக்கரம் செம்மண்ணில் உருண்டது. வண்டி ரயில் பாதைப் பக்கம் திரும்பப் போகிறது. அங்கே திரும்பிவிட்டால் பிறகு நவம்பர்தான். வாசுவின் கப்பல் அதற்கு முன்பே போய்விடும்.

"அப்பா."

ரிக்‌ஷா நின்றது, நாகையா டின்னை அணைத்தபடி திரும்பிப் பார்த்தார். தனலெட்சுமி வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கினாள். முப்பது காசும் கையில் வியர்த்திருந்தது. நடக்க நடக்க, நாகையாவின் மகளாகிய பாவத்துக்கு, மனம் தன்பாட்டுக்கு வகுத்தது. பதினொரு வருஷம். வருஷத்துக்கு மூன்று காசு என்று வைத்தாலும், வாசுவுக்கு மூன்று காசு குறைந்தது.