ஹரிக்கேனின் இடது சக்கரம்

பலகை அச்சுக்குப் போக ஒரு மணி நேரம்தான் பாக்கி. விஷ்ணுப்ரியா கடைசியாக ஒருமுறை வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரியசாலையில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில், இரண்டாம் உலகப் போர்க்கால ஹரிக்கேன் சண்டை விமானத்தின் சக்கரக்கால் ஒன்று அகப்பட்டிருந்தது. விமான ஆர்வலர் சங்கம் அதை அடுத்த தெருவில் காட்சிக்கு வைக்கிறது. பக்கத்துப் பலகையில் அந்த விமானத்தின் வரலாறு. எழுதும் பொறுப்பு விஷ்ணுப்ரியாவுக்கு. கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. எதையும் எக்செல்லில் ஏற்றினால்தான் அவளுக்கு நிம்மதி.

பணிப்பதிவின் நகல் கிடைத்திருந்தது. விமானம் 1942இல் கப்பலில் வந்தது. அடுத்த ஜனவரியில் சேற்றில் இறங்கி மூக்குக் குப்புற நின்றது, புரொப்பெல்லர் போயிற்று. பிறகு ஒரு பருந்து மோதிக் கண்ணாடி நொறுங்கியது. 1943 மே 3, தரை இறங்கும்போது இடது சக்கரம் மடங்கி விமானியின் கால் ஒடிந்தது. காரணம் பராமரிப்புப் பிழை என்று இருந்தது. யாருடைய பிழை என்று இல்லை.

அதை அவள்தான் கண்டுபிடித்தாள். அந்த விமானத்தின் ஃபிட்டர் ராமசுப்ரமணியனின் குறிப்பேட்டை, ஸ்ரீவராகத்தில் இருக்கும் அவர் மகள் ஜெயலக்ஷ்மி கொடுத்திருந்தார். தேதியெல்லாம் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில், மலையாள மாதப் பெயர்களோடு. ‘1119 மேடம் 12. இடது சக்கரத்துக்குப் புது லாக் பின் போட்டேன்.’ 1119 பிறந்தது 1943இல். ஆகவே 824ஐக் கூட்டு என்று ஒரே சூத்திரத்தை எல்லா வரிக்கும் இழுத்துவிட்டாள். 1943 ஏப்ரல் 25 என்று வந்தது. எட்டாம் நாள் சக்கரம் மடங்கியிருக்கிறது. பலகையில் அவர் பெயர் ஏறியது.

முந்தாநாள் ஜெயலக்ஷ்மி மாமியிடம் வரைவைக் காட்டினாள். மாமி இரண்டு தடவை படித்தார். “அப்பா பட்டாளத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டார். இதுதானாக்கும்” என்றார்.

இப்போது திரையில், தேதி வரிசைப்படி அடுக்கியதில், குறிப்பேட்டின் பக்க எண்கள் 19, 20, 3, 4 என்று நின்றன. பெரியவர் முன்னும் பின்னுமாக எழுதிவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள். இன்று அது உறுத்தியது. மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். ‘1119 கன்னி. இந்த விமானத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.’

கன்னி என்றால் புரட்டாசி. சேர்வதற்கு ஐந்து மாதம் முன்பே பின் மாற்றினாரா?

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. சித்திரையாகிய மேடம் வருவதற்குள் இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடிவிடும். அவர் பின் போட்டது 1944இல். விபத்து நடந்து ஒரு வருஷம் கழித்து.

“ஷிபின், ஃபைலை அனுப்பாதே. என் தப்பு.”

அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் மலையாளி ஷிபின் தலையில் கை வைத்தான். “எக்செல் ராணியை எக்செல் சதிச்சோ? பிரஸ்காரன் அஞ்சு மணிக்குப் பூட்டிடுவான் கேட்டோ. சின்னத் தேதிதானே?”

“தேதி சின்னதுதான். ஒரு மனுஷன் பேரு அதுல மாட்டியிருக்கு.”

போனில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அதனாலேயே நடந்து போனாள்.

மாமி கதவைத் திறந்ததும், தேதி தப்பு என்று மூச்சிரைக்கச் சொன்னாள். 824, 825 என்று ஆரம்பித்தவளை மாமி கையமர்த்தினார்.

“அப்போ, அப்பா இல்லையா?”

“இல்லை மாமி. அவர் சேர்றதுக்கு முன்னாடியே சக்கரம் மடங்கியாச்சு. நான்தான் வருஷத்தைத் தப்பாப் போட்டுட்டேன்.”

“கடன்காரி!” என்றார் மாமி. “ரெண்டு நாளா அவர் படத்துக்குப் பூ வெக்கலைடி. நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கலை நேக்கு.”

மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவர் பின் போட்டப்புறம் என்னாச்சு?”

“விமானத்தைக் கழிச்சுக் கட்டுற வரைக்கும் அந்தச் சக்கரம் மடங்கலை மாமி. பதிவுல இருக்கு.”

“பேரை எடுத்துடாதே. இதை எழுது.”

அவள் வாசலில் நின்றபடியே போனில் தட்டி, உரக்கப் படித்துக் காட்டினாள். மாமி தலையாட்டினார். அனுப்பும் பொத்தானில் விரல் போனபோது, “இரு” என்றார்.

“வருஷத்தை இன்னொரு தரம் பாரு.”

பார்த்தாள்.