மூத்த மகனின் நம்பர்

வாப்பாவின் மூக்கில் காலையில் தொடங்கிய இரத்தம் பத்து மணியாகியும் நிற்கவில்லை. வைத்த பஞ்செல்லாம் நனைந்தது. அலவத்துகொடையில் ஊரடங்கு, ஓர் ஆட்டோகூட ஓடவில்லை.

டொக்டரை ஒருவழியாகப் போனில் பிடித்தேன்.

"இரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை எடுக்கிறார்தானே? கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்து உடனே சொல்லுங்க."

ரிப்போர்ட் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் கிடக்கிறது. திறக்கப் போனால் ஆறு இலக்க இரகசிய நம்பர் ஒன்று கேட்கிறது. அது போய்ச் சேர்வது டோஹாவில் இருக்கிற முஹ்ஸின் நானாவின் போனுக்கு.

வாப்பாவைக் குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான், கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் நான். ஆஸ்பத்திரியில் பதியும்போது மட்டும் மூத்த ஆம்பிளைப் பிள்ளை என்று நானாவின் நம்பர்! எங்கள் வீட்டில் கரண்ட் பில்கூட அப்படித்தான். பதியச் சொன்னதும் நான்தான், யாரைத் திட்ட?

திகனைக் கலவரத்தில் எங்கள் ஆட்களின் கடைகளை எரித்த பிறகு அரசாங்கம் வட்ஸ்அப்பை முடக்கி நான்கு நாள். சாதாரண கோல் ஐந்தாம் தடவைதான் போனது.

"நானா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க! கெதியா!"

சொன்னார். பக்கம் ஊர்ந்து ஊர்ந்து திறந்தது. நான்கு நாளைக்கு முந்திய திகதி. இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிட்டது, குளிசையை உடனே நிறுத்தவும் என்று இருந்தது.

"இது உங்களுக்கு வந்திச்சா நானா?"

"வந்த அண்டைக்கே வட்ஸ்அப்ல அனுப்பினேனே றலியா! நீ பாக்கல்லியா?"

அல்லாஹ்வே! நான்கு நாளும் என் கையாலேயே அந்தக் குளிசையைக் கொடுத்திருக்கிறேன்.

"ஒரு கோல் எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். நானா அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை.

ரிப்போர்ட்டைப் போனில் வாசித்ததும், "இப்பவே கொண்டு வாங்க" என்றார் டொக்டர். பக்கத்து வீட்டு றவூப் மாமா வேனில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு எடுத்தார். மூன்று இடத்தில் ஆமி மறித்தது. வாப்பா உடுத்திருந்த, இரத்தத்தில் நனைந்த சாரத்தைக் காட்டினேன், விட்டார்கள்.

ஊசி போட்டு, மூக்கை அடைத்து, பின்னேரமாகத்தான் இரத்தம் நின்றது. "பிழைத்துக்கொள்வார்" என்றார் டொக்டர்.

கவுண்டரில் இருந்த பெண், இனி ரிப்போர்ட் யாருடைய நம்பருக்கு வர வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டாள். பழக்கத்தில் நானாவின் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நிப்பாட்டு!" என்றார் வாப்பா, சக்கரக் கதிரையிலிருந்து. பிறகு என் நம்பரைச் சிங்களத்திலேயே, பத்து இலக்கமும் பிசகாமல் சொன்னார்.

"மகள்ட நம்பர். என்னப் பாக்கிறது இவதான்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். காலையிலிருந்து அழாத நான் அங்கே நின்றபடியே அழுதேன்.