அண்ணனுக்குக் காலி, தம்பிக்கு ஃபுல்

அந்தப் பழைய பிக்கப் வண்டியின் டீசல் முள், பெரியவன் பார்த்தால் காலி என்று காட்டியது, சின்னவன் பார்த்தால் ஃபுல் என்று காட்டியது. இரண்டும் உண்மையாகவே இருந்ததுதான் தொல்லை. பெரியவன் கழுத்துவரை டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்பினாலும் தெருமுனை திரும்புவதற்குள் முள் படுத்துவிடும், வண்டி இருமிவிட்டு நின்றுவிடும், குச்சியை விட்டுப் பார்த்தால் தொட்டி வறண்டு கிடக்கும். மனுஷன் கேனும் கையுமாகவே பிழைப்பு நடத்தினான். சின்னவனோ ஒரு சொட்டு ஊற்றாமல் மாதக்கணக்கில் செங்கல் ஏற்றினான்.

அப்பா செத்தபின் வண்டி இருவருக்கும் பொது. ஒரு வாரம் இவன், மறுவாரம் அவன். பேச்சுவார்த்தை கிடையாது, முறை முடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலுக்கு மேலாகச் சாவியை விட்டெறிவார்கள், ஆள் நின்றால் ஆள்மேலேயே. தம்பி டீசலை உறிஞ்சி எடுத்துக்கொண்டுதான் சாவியை எறிகிறான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னான். தம்பி அதை மறுக்கக்கூட இல்லை. வாசலில் இஞ்சினை ஓடவிட்டு, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவான். புகையெல்லாம் அண்ணன் வீட்டுத் துணியில் படியும். சாவியை உருவினாலும் ஓடும் பழைய டீசல் இஞ்சின் அது. சாவி வந்து விழும்போதும் வண்டி உறுமிக்கொண்டேதான் இருக்கும், பெரியவன் திட்டிக்கொண்டே போய் இஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்து அணைப்பான். இவ்வளவு திமிர் ஆகாது என்று தெருவே சொன்னது.

கடைசியில் பெரியவன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனான். அவர் தொட்டிக்கு அடியில் படுத்து, டீசல் அளவைப் பார்க்கும் மிதவையிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொடவைத்தார். தொட்டால் முள் எகிற வேண்டும். அடியில் கிடப்பவருக்கு முள் தெரியாது, மேலே உட்கார்ந்திருப்பவன் சொல்வதை நம்புவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். பெரியவன் காலி என்றான். துருவைச் சுரண்டினார், மிதவையை மாற்றினார், மீட்டரையே மாற்றினார். அப்போதும் காலி. மறுவாரம் கடுப்போடு சின்னவனை உட்காரவைத்தார். ஒயர் அந்தரத்தில் தொங்கும்போதே அவன் ஃபுல் என்றான். பிறகு இருவரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு ஜன்னலில் தலையை விடச் சொன்னார். ஒரே மூச்சில் ஒருவன் காலி, ஒருவன் ஃபுல். எலக்ட்ரீஷியன் கண்ணுக்கு முள் பாதியில் நின்றது. ஸ்பேனரைப் பெட்டிக்குள் வீசிவிட்டு, இனி இந்தக் கடைப்பக்கம் ரெண்டு பேரும் தலைகாட்டக் கூடாது என்று விரட்டினார்.

பெரியவனின் முறை வந்த வாரத்தில் அவன் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். தெருமுனையில் முள் படுத்தது. கேனும் காலி. மகள் டேஷ்போர்டைப் பிறாண்டிக்கொண்டு கத்த, மனைவி புருஷனைக் கேட்காமலே ஓடிப்போய்க் கொழுந்தனைக் கூட்டிவந்தாள். சின்னவன் கதவைத் திறந்து நகரச் சொன்னான். பெரியவன் ஸ்டியரிங்கை விடவில்லை.

“அப்பா இருந்தப்பவும் இதே கதைதான். உனக்கு ஃபுல்லு, எனக்குக் காலி. செத்தும் அந்த ஆளு மாறல.”

“ஃபுல்லுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? ஒரு நாளாவது என்னால இதை நிறுத்த முடிஞ்சிருக்கா? அந்த ஆளு என்னை எங்கேயும் இறங்கவே விடலடா.”

அண்ணனை டா போட்டது அதுதான் முதல்முறை. பெரியவன் கை ஓங்கினான்.

“ரெண்டு பேரும் நாசமாப் போங்க,” என்றாள் மகள். “முதல்ல வண்டியை எடுங்க.”

பெரியவன் நகர்ந்தான், மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். சின்னவன் சாவியைத் திருப்பியதும் வண்டி பாய்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவன் பிரேக்கில் ஏறி நின்றும், குமிழை இரண்டு கையாலும் இழுத்தும், அது முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. முட்டுக்கொடுக்கக் கல் இல்லை. தம்பி செய்தது திமிரில்லை என்று பெரியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கையை நீட்டி அதே குமிழை இரண்டு விரலால் இழுத்தான். வண்டி நின்றது. மகள் இறங்கினாள். உள்ளே போய்ச் சேர்ந்ததும் பெண் குழந்தை பிறந்தது.

அதற்குப்பின் இருவரும் சேர்ந்தேதான் லோடு அடிக்கிறார்கள். பேச்சு இன்றும் இல்லை. நிறுத்த வேண்டிய இடம் வந்தால் சின்னவன் மீட்டர் கண்ணாடியைத் தட்டுவான். பெரியவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே குமிழை இழுப்பான். டீசல் யாரும் போடுவதில்லை.