ஆளுக்கொரு மன்னிப்பு

திருச்சபையில் பாடகர் குழுவை நடத்தியவர் அச்சகக்காரர். குடியை விட்டுப் பல வருடம் ஆன மனிதர். குழுவில் நல்ல குரல், 'குயில்' என்று எல்லாரும் கூப்பிடும் டயர் கடைக்காரனுக்கு. ஒரு ஞாயிறு அவன் குடித்துவிட்டு வந்தபோது, எல்லார் முன்னாலும் பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி வாசலைக் காட்டியவரும் அச்சகக்காரர்தான்.

தம்பியை அடக்கம் செய்த வாரம் அவரே குடித்தார். பாட்டுப் பயிற்சியில் நிற்க முடியாமல் கீபோர்டின் மேல் சரிந்து விழுந்தார்.

மறுநாள் வீடு நிறையச் சபையார். போதகர் தோளில் கை வைத்தார்.

"துக்கத்துல யாருக்கும் வர்றதுதான் அண்ணே. ஆண்டவர் நல்லதுக்குத்தான் அனுமதிச்சிருப்பார். ஞாயித்துக்கிழமை நீங்களே பாட்டை நடத்துங்க."

அச்சகக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குயில் குடிச்சிட்டு வந்தப்பவும் அப்பதான் அவன் அம்மா செத்திருந்தாங்க. நம்மள்ல யாரு அவன் வீட்டுக்குப் போனோம்?"

"அது வேற விஷயம்ணே."

"என்ன வேற? நான் முதலாளி, அவன் பஞ்சர் ஒட்டுறவன். அதானே?"

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அவங்க மேல ஏன் பாயுறீங்க? துரத்தினது நீங்க."



எல்லாரும் போனபின் ஜெபிக்க உட்கார்ந்தார். தான் குடியை விட்டொழித்ததைச் சொல்லித்தான் எப்போதும் ஆரம்பிப்பார். இப்போது சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்க மட்டுமே இருந்தது. வெகுநேரம் அழுதார்.

டயர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது குயில் நிமிரக்கூட இல்லை.

"நாலு பேர் முன்னாடி துரத்திட்டு, மன்னிப்பு மட்டும் ஆளில்லாத நேரத்துலயா?"

ஞாயிறன்று, போதகர் கண்ணால் தடுத்தும் அச்சகக்காரர் எழுந்தார்.

"ஆண்டவர் என்னை விழவச்சார்னு யாரும் சொல்லாதீங்க. விழுந்தது நான். விழுந்த பிறகுதான், நான் தள்ளிவிட்டவன் எங்க கிடக்கிறான்னு தெரிஞ்சுது. எனக்குக் கிடைச்ச ஆறுதல்ல கால்வாசிகூட நாம அவனுக்குக் குடுக்கல. தப்பு என்னோடது. வேடிக்கை பார்த்தது நீங்க."

குழுப் பொறுப்பை விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். சிலர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்துக் குயில் சபைக்கு வந்தான். அவர் பக்கத்தில் நின்றான்.

"கோபம் இன்னும் போகல."

"போகலைன்னா இருக்கட்டும்" என்று நகர்ந்து இடம் விட்டார். "உட்காரு."