செல்லக்கண்ணுவின் கடைசிச் சொட்டு

இன ஒற்றுமைக்காகத் தம் உடலில் ஓடும் கடைசிச் சொட்டு இரத்தத்தையும் கொடுக்கச் சித்தமாக இருப்பதாகத் திரு. செல்லக்கண்ணு சிங்கப்பூர் மக்களுக்கு அறிவித்திருந்தார். ஆண்டுக்கு மூன்று முறை அறிவித்தார்: பொங்கலுக்கு, தொழிலாளர் தினத்துக்கு, பிறகு தம் சொந்தப் பிறந்த நாளுக்கு. முதல் சொட்டைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கேட்டது 1964ஆம் ஆண்டு ஜூலை இருபத்திரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு.

முந்தின நாள் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தில் சீனரும் மலாய்க்காரரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் ஊரடங்கு. காலையில் தளர்த்தினார்கள், பதினொன்றரைக்கு மறுபடியும் என்று ரேடியோ சொன்னது. கெர்பாவ் ரோட்டில் கடைக்காரர்கள் அரைப் பலகையைத் திறந்து வைத்து அரிசி விற்றார்கள். எங்கேயோ ஒரு போத்தல் உடையும் சத்தம் கேட்டால் அந்த அரைப் பலகையும் மூடிக்கொண்டது.

செல்லக்கண்ணுவின் பக்கத்து வீட்டு அப்துல் ஹமீது ஓடி வந்தார். தபால்காரர், தென்காசிப் பக்கத்துத் தமிழர். மனைவி பதுருன்னிசா நேற்றே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். முனைக்கடைக்கு இப்போதுதான் தொலைபேசிச் செய்தி வந்ததாம்: ஆண் பிள்ளை, தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஊரடங்கு தொடங்குமுன் இரண்டு பேர் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். எந்த வகை இரத்தமானாலும் இரத்த வங்கியில் மாற்றிக்கொள்வார்கள்.

"ஒரு ஆள் நான் இருக்கேன்க்கா. இன்னொரு ஆள் வேணும்," என்றார் சரஸ்வதியிடம்.

சரஸ்வதி திரும்பிப் பார்த்தாள். அவள் கணவர் செல்லக்கண்ணு செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"இவர் வருவார்," என்றாள்.

"வர்றதுக்கென்ன? ஆனா நேரம் பார்க்க வேணாமா? இன்னிக்குப் புதன்கிழமை, ராகு காலம்..." ராகு காலத்தை மேடையில் மூன்று முறை சாகடித்தவர் அவர்.

"ராகு காலம் பன்னெண்டுக்கு மேலதாங்க. இப்பக் கிளம்புனா சரியா இருக்கும். கடைசிச் சொட்டு வேணாமாம், ஒரு போத்தல் போதுமாம்."

வாசலில் ஹமீது தம் சொங்கோக் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "இது இருந்தா மலாய்க்காரன்னு அடிப்பான்ணே. இல்லன்னா இந்தியன், விட்டுருவான். தலை என்னமோ ஒரே தலைதான்."

செல்லக்கண்ணுவுக்கு அந்த ஏற்பாடு போதுமானதாகப் படவில்லை. உள்ளே போய், தம் இன ஒற்றுமைச் சங்கத்தின் தலைவருக்குரிய சாட்டின் பட்டையைத் தோளின் குறுக்கே மாட்டிக்கொண்டு வந்தார். ஓம், சிலுவை, பிறை, தாமரை, சீனரின் கருப்பு வெள்ளை வட்டம் என்று ஐந்து சமயச் சின்னங்களும் ஜரிகையில் மின்னின.

"இதைப் பார்த்தா எவன் கை வைப்பான்?"

ஹமீது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாதாட நேரம் இல்லை.

பத்து நிமிட நடைதான். அன்றைக்கு அது வேறு ஊராக இருந்தது. சாலை நடுவில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கண்ணாடி நொறுங்கிய பேருந்து ஒன்று ஓட்டுநர் இல்லாமல் நின்றது. மூடிய கதவுகளின் இடுக்கில் கண்கள் தெரிந்தன, பார்த்தால் மறைந்தன. செல்லக்கண்ணு தம் செருப்புச் சத்தத்துக்கே இருமுறை திரும்பினார். மூன்றாம் முறை ஹமீதின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவில்லை.

தேக்கா மார்க்கெட் பின்புறம் ஆறு சீனர்கள் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய்.

"நீ போ," என்று ஹமீதைப் பார்த்துச் சந்தை மலாயில் சொன்னான் குழாய்க்காரன். பிறகு குழாயின் முனையைச் செல்லக்கண்ணுவின் மார்பில் வைத்தான். மிகச் சரியாகப் பிறையின் மேல். "இவன் யார்?"

மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடியவர் விரலால் பேசினார். ஓமைக் காட்டினார். சிலுவையைக் காட்டினார். குழாய் பிறையை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியது. மற்ற ஐந்து பேரும் சுற்றி வந்தார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹமீதுக்கு வழி திறந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் அங்கிருந்தே தெரிந்தது. அவர் போகவில்லை. இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி மெல்லத் திரும்பி வந்து, செல்லக்கண்ணுவின் தோளில் இருந்த ஊசியைக் கழற்றினார். பட்டையை உருவி, சுருட்டி, தம் காற்சட்டைப் பைக்குள் திணித்தார்.

"என் பக்கத்து வீட்டுக்காரர்," என்றார் மலாயில். "என் பெண்டாட்டி அங்கே கிடக்கிறாள். இரத்தம் கொடுக்க வருகிறார். அடிப்பதானால் கொடுத்துவிட்டு வந்த பிறகு அடியுங்கள்."

செல்லக்கண்ணுவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை.

"போஸ்மேன்!" என்று தபால்காரரைக் கூப்பிட்டது ஒரு குரல்.

மார்க்கெட்டுக்குள்ளிருந்து இரத்தக்கறை படிந்த மேலங்கியோடு ஒருவர் வந்தார். ஆ செங், பன்றிக்கறி விற்பவர். ஒருமுறை அவருடைய தாயார் சீனாவிலிருந்து எழுதிய கடிதத்தில் வீட்டு எண்ணும் இல்லை, தெருவும் இல்லை. ஹமீது அதை மூன்று நாள் மார்க்கெட் முழுக்கக் காட்டிக் காட்டி, உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். தாயார் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். ஹமீதுக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆ செங் அந்த ஆறு பேரையும் ஹொக்கியன் சீனத்தில் திட்டிய திட்டு செல்லக்கண்ணுவுக்குப் புரியவில்லை. குழாய் இறங்கியது மட்டும் புரிந்தது.

"கால்வாய்ப் பாலத்துகிட்ட இன்னொரு கூட்டம் நிக்குதாம்ணே," என்று மொழிபெயர்த்தார் ஹமீது. "ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர்றாராம்."

பாலத்தருகே நின்ற கூட்டம் ஆ செங்கைப் பார்த்தது, அவர் மேலங்கியைப் பார்த்தது, வழி விட்டது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐம்பது.

"யார் யார் கொடுக்கிறீர்கள்?" என்றாள் தாதி. ஹமீது நேராகப் போய்ப் படுத்தார். செல்லக்கண்ணு ஒரு விரலை நீட்டினார். தாதி அதில் சோதனைக்காக ஊசியால் குத்தினாள். பஞ்சு சிவந்தது. செல்லக்கண்ணு அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு கூரை தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

கண் விழித்தபோது அவர் ஒரு கட்டிலில் கிடந்தார். இடப்பக்கம் ஹமீது. வலப்பக்கம் ஆ செங், கையிலிருந்து குழாய் போத்தலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஹமீது," என்று கிசுகிசுத்தார். "அவர் பன்னிக்கறிக்காரர். உங்க மார்க்கத்துல..."

"சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் படுத்தார்ண்ணே. நீங்க எந்திரிங்க லா, அந்தக் கட்டில் வேற ஆளுக்கு வேணுமாம்."

பதினொன்றரைக்கு ஊரடங்கு வந்துவிட்டது. மூவரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து யார் வந்தாலும் ஹமீது எழுந்து நின்றார். அவர்கள் தாண்டிப் போனதும் உட்கார்ந்தார். ஆ செங்கும் கூடவே எழுந்து உட்கார்ந்தார். நாலு மணிக்கு அதே தாதி வந்து, பதுருன்னிசாவுக்கு இரத்தப்போக்கு நின்றுவிட்டது என்றாள். ஹமீது சட்டைக்குள்ளிருந்து சொங்கோக்கை எடுத்து, நீவி, தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த பொங்கல் கூட்டத்தில் செல்லக்கண்ணு அந்த நாளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மலாயும் சீனமும் தமிழும் அருகருகே படுத்திருந்த அந்தக் காட்சியில் தாமும் நடுவில் படுத்திருந்ததாகச் சொன்னார். அது உண்மைதான். கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஹமீதும் தட்டினார், தாம் தமிழர் என்று திருத்தவில்லை.

அன்று செல்லக்கண்ணுவிடமிருந்து எடுத்தது மூன்று சொட்டு.